அந்த இழுப்பறையைத் திற

அன்புத் தோழிக்கு,

மறைந்த உன் கணவர் இழுப்பறையில் விட்டுச்சென்ற அச்சுத் தாள்களை என்ன செய்வது என்று கேட்ட உன் கடிதம் வந்து ஒன்பது நாள்கள் ஆகின்றன. நீ கேட்டதைக் கையால் செய்து பார்த்துவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியதால் இவ்வளவு தாமதம். என் மேசை ஓரத்தில் இப்போது நான்கு நீலப் படங்கள் காய்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

"அவர் வாங்கி வைத்த தாள்களை எறியவும் மனம் வரவில்லை, எடுக்கவும் கை வரவில்லை" என்று எழுதியிருந்தாய். அந்த வரியில் வெகுநேரம் நின்றுவிட்டேன். என் பதில் ஒரே சொல்: எடு. பூட்டி வைத்தால் அப்படியே இருக்கும் பொருள்கள் அல்ல அவை. ஸ்டிக்கர் தாளின் பசை ஆண்டுகள் போகப் போக வலுவிழக்கும். துணியில் படம் பதிக்கும் தாளின் மேல்பூச்சு கெட்டு உரியத் தொடங்கும். உறை பிரித்த புகைப்படத் தாள் காற்றில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு ஓரத்திலிருந்து மஞ்சளாகும். அவர் அவற்றை ஆசையோடு வாங்கியது அச்சிடத்தான். அச்சிடாமலே அவை வீணாவதை அவர் விரும்பியிருக்க மாட்டார் என்பது என்னைவிட உனக்குத் தெரியும்.

முதலில் என் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு நினைவு மங்கி வருவதைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். இப்போது சில நாள்கள் என் பெயர் வருகிறது, சில நாள்கள் வருவதில்லை. கைபேசியில் பழைய படங்களைக் காட்டிப் பார்த்தேன். விரல் தவறிப் பட்டதும் படம் ஓடிவிடும், அம்மா மிரண்டுபோவாள். காகிதம் அப்படி ஓடுவதில்லை. பிடித்தால் பிடித்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவளுக்காகப் பொறுத்திருக்கிறது. அதனால் அவளுக்கென்று அட்டைகள் செய்தேன். 13க்கு 18 செ.மீ. அளவு, ஓர் அட்டைக்கு ஒரே முகம், பின்னணியை வெட்டி எடுத்துவிட்டு, கீழே தடித்த எழுத்தில் பெயர். முதலில் பளபளப்புத் தாளில் அச்சிட்டிருந்தேன். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து முகத்தையே அழித்துவிட்டது. பளபளப்பில்லாத மேட் தாளுக்கு மாறிய பிறகுதான் அவள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினாள்.

ஒன்றைக் கவனித்தேன். தம்பியின் இப்போதைய படத்தைக் காட்டினால், "யார் இந்தப் பெரியவர்?" என்று கேட்கிறாள். அவனுடைய பன்னிரண்டு வயதுப் படத்தைப் பார்த்ததும் செல்லப் பெயரே வந்துவிடுகிறது. ஆகவே இரு பக்கமும் பூச்சுள்ள மேட் தாளில் முன்பக்கம் அன்றைய முகம், பின்பக்கம் இன்றைய முகம் என்று அச்சிட்டேன். இப்போது அவளே அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். சில சமயம் இரண்டு முகங்களும் அவளுக்குள் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதை அவள் கண்களில் பார்க்கிறேன்.

இதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. பெரியம்மா உயிரோடிருந்தபோது எடுத்த ஒரு சின்ன வீடியோ, மொத்தம் நான்கே விநாடி. யாரோ கூப்பிட, அவள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள், அவ்வளவுதான். அதிலிருந்து விநாடிக்குப் பன்னிரண்டு வீதம் 48 படங்களைப் பிரித்தெடுத்து ஒரு புரட்டுப் புத்தகம் செய்தேன். கட்டை விரலால் வேகமாகப் புரட்டினால் படம் அசையுமே, அதுதான். 1868இல் ஜான் பார்ன்ஸ் லின்னெட் என்ற ஆங்கிலேயர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். சினிமா பிறப்பதற்கு முன்பே மனிதர்கள் காகிதத்தை அசைய வைத்துவிட்டார்கள்.

நீயும் செய்வாய் என்பதால் நுணுக்கங்களைச் சொல்கிறேன். ஏ4 தாளுக்கு எட்டுப் படங்கள் என்றால் ஆறு தாள்களில் முடிந்துவிடும். பளபளப்புத் தாள் வேண்டாம், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்றாகப் புரளும். 160 முதல் 200 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வரையிலான மேட் தாள் நன்றாகப் புரள்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் இடப்பக்கம் இரண்டு செ.மீ. வெற்றிடம் விடு, அது கட்டுவதற்கு. வெட்டுவதற்கு முன் தாளை நீளவாக்கில் ஒருமுறையும் அகலவாக்கில் ஒருமுறையும் மெல்ல வளைத்துப் பார். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவு ஓடும் திசைதான் நார் ஓடும் திசை. நார் முதுகுப் பக்கத்துக்கு இணையாக இருந்தால் பக்கங்கள் துணிபோல் விழும். கட்டும்போது விரல் படும் ஓரத்தை நேராக வைக்காமல் சற்றே சாய்த்து வை. ஒவ்வொரு பக்கமும் அடுத்ததைவிட ஒரு மயிரிழை நீண்டிருந்தால்தான் விரலிலிருந்து ஒன்று ஒன்றாக நழுவும். இது தெரியாமல் கட்டிய முதல் புத்தகத்தைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

அம்மா அதைப் புரட்டினாள். அவளுடைய அக்கா திரும்பினாள், சிரித்தாள். "இன்னொரு தடவை கூப்பிடு" என்றாள் அம்மா என்னிடம். பெரியம்மாவைக் கூப்பிட்டது அந்த வீடியோவில் நான்தான் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது? படத்தில் என் குரல் இல்லை, காகிதம்தானே அது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, உன் இழுப்பறைக்கு வருகிறேன். எதைத் தொடுவதற்கும் முன்னால் அசல் படங்களை ஸ்கேன் செய்துவிடு. 4க்கு 6 அங்குலப் படத்தை 600 டி.பி.ஐ.யில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம், ஸ்கேன் செய்தால் பின்னால் இரண்டு மடங்கு பெரிதாக அச்சிட்டாலும் தெளிவு குறையாது. உங்கள் கல்யாணக் காலத்து வண்ணப் படங்கள் சிவந்துபோயிருக்கும், அவற்றை முதலில் எடு. மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் முந்தி மங்குவதால் வரும் சிவப்பு அது. இருட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் மங்கல் நிற்பதில்லை. ஸ்கேன் செய்த பிறகு அசல் பெட்டிக்குத் திரும்பட்டும். நகல் உன் கைக்கு வரட்டும். நகலை வெட்டலாம், மடிக்கலாம், அதன்மேல் எழுதலாம், தைக்கலாம். கெட்டுப்போனால் இன்னொன்று அச்சிட்டுக்கொள்ளலாம். அந்தத் துணிவு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பாக்கெட்டுகளைப் பிரித்ததும், திரவ மையால் அச்சிடும் பிரிண்டருக்கான இங்க்ஜெட் தாள்களைத் தனியாக வை. லேசர் பிரிண்டரில் அவற்றைப் போட்டுவிடாதே. டோனர் என்ற மைப்பொடியை உருக்கிப் பதிக்கும் உருளையில் சூடு 200 டிகிரி செல்சியஸை நெருங்கும். பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள் அதில் உருகி ஒட்டிக்கொண்டால் பிரிண்டரே போய்விடும். எந்தப் பக்கம் அச்சிடுவது என்று தெரியாத தாளை, விரலைச் சற்று ஈரமாக்கி மூலையில் தொட்டுப் பார். பிசுபிசுவென்று பிடிக்கும் பக்கம்தான் பூச்சுள்ள பக்கம்.

அவருடைய சட்டைகளை என்ன செய்வது என்றும் தயங்கியிருந்தாய். துணியில் படம் பதிக்கும் தாளை அதற்கு வைத்துக்கொள். வெளிர்நிறப் பருத்திச் சட்டைகளைச் சதுரங்களாக வெட்டி ஒரு போர்வை தை. நடுநடுவே சில சதுரங்களில் மட்டும் படம் இருக்கட்டும். எல்லாச் சதுரத்திலும் படம் வைத்தால் அது சுவரொட்டி ஆகிவிடும், சட்டையின் நெசவும் பொத்தான் துளையும் தெரியாமல் போய்விடும். வெளிர்நிறத் துணிக்கான தாள் என்றால் படத்தை இடவலமாகத் திருப்பி அச்சிட வேண்டும். அடர்நிறத் துணிக்கானது என்றால் திருப்ப வேண்டாம். இரண்டும் ஒரே மாதிரிப் பாக்கெட்டில் வரும், எழுத்தைப் பார்த்துவிடு. இஸ்திரிப் பெட்டியில் நீராவி கூடாது. மெத்தென்ற இஸ்திரிப் பலகையைவிடக் கெட்டியான மரப்பலகையில் வைத்து, உடல் எடையைக் கொடுத்து அழுத்து. சூட்டோடு உரிப்பதா ஆறிய பின் உரிப்பதா என்பது பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறும். முதல் சோதனையைப் பழைய கைக்குட்டையில் செய். அவர் சட்டையில் வேண்டாம்.

காந்தத் தாள், ஸ்டிக்கர் தாள் இவற்றைப் பேரப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடு. அவர்கள் நமக்குச் சொல்லித் தருவார்கள்.

அவருடைய எழுதும் மேசையை இன்னும் கலைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். கலைப்பதற்கு முன் இதைச் செய். அதை ஒரே படமாக எடுக்காதே. டேவிட் ஹாக்னி என்ற ஓவியர் 1982இல், எடுத்த உடனே கேமராவிலிருந்து அச்சாகி வரும் போலராய்டு படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி ஒரு காட்சியை உருவாக்கத் தொடங்கினார். ஒவ்வொரு துண்டும் வேறு நொடியில், சற்றே வேறு கோணத்தில் எடுத்ததாக இருக்கும். மொத்தமாகப் பார்த்தால் நம் கண் ஒரு பொருளை மேய்வதுபோலவே அந்தப் படமும் மேயும். நீயும் அப்படி எடு. கண்ணாடிக் கூடு ஒரு படம், பேனா ஒரு படம், பாதி படித்து மடக்கிய பக்கம் ஒரு படம், நாற்காலிக் கையில் தேய்ந்த இடம் ஒரு படம், இப்படி முப்பது எடு. சின்னச் சின்னதாக அச்சிட்டு, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏற, ஒரு பெரிய அட்டையில் ஒட்டு. ஓரங்கள் சரியாகப் பொருந்த வேண்டும் என்று கவலைப்படாதே. பொருந்தாமல் இருக்கும் இடத்தில்தான் நீ நின்று பார்த்த நேரம் தெரியும். ஒட்டுவதற்கு முன் ஒரு நாள் முழுவதும் மை காயட்டும். அமிலமற்ற பசையாகப் பார்த்து வாங்கு, மற்றவை சில ஆண்டுகளில் படத்தின் பின்பக்கத்திலிருந்து கறையாக ஊடுருவும்.

பின்னல் படத்தையும் செய்தேன். ஒரே இடத்தில் வெவ்வேறு காலத்தில் எடுத்த இரண்டு படங்களை ஒரு செ.மீ. பட்டைகளாக வெட்டி, பாய் முடைவதுபோல் முடைவது. கண்ணுக்கு அழகாக இருக்கிறது. ஆனால் முகங்கள் உள்ள படத்தில் செய்தால் மனம் சங்கடப்படுகிறது. மரங்களுக்கும் கட்டடங்களுக்கும்தான் அது பொருந்தும் என்பது என் எண்ணம்.

இனி அந்த நீலப் படங்கள். இழுப்பறையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒரு பாக்கெட் இருப்பதாக எழுதியிருந்தாய் அல்லவா? அதைப் படித்ததும் எனக்குக் கல்லூரி இருட்டறை ஞாபகம் வந்துவிட்டது. சிவப்பு விளக்கின் கீழ், தட்டில் கிடக்கும் வெள்ளைத் தாளில் ஒரு முகம் எங்கிருந்தோ மேலேறி வருமே, நாம் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போமே. அந்தக் கணம் இருட்டறை இல்லாமலே திரும்பக் கிடைக்கிறது. வெயிலால் தாளில் நீலப் படம் பதிக்கும் முறை அது, சயனோடைப் என்று பெயர். 1842இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளைத் தாளின்மேல் பரப்பி, வெயிலில் வைத்து, புத்தகமாகவே வெளியிடத் தொடங்கினார். முப்பது ஆண்டுகள் தாவரவியல் நடத்திய உனக்கு அவரைப் பிடிக்காமல் போகாது.

100 மில்லி தண்ணீரில் 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், இன்னொரு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. கையுறை போட்டுக்கொள், அமிலம் எதையும் அருகில் வைக்காதே. மங்கிய விளக்கில் இரண்டையும் சம அளவு கலந்து, நீர்வண்ண ஓவியத் தாளில் தூரிகையால் பூசி, இருட்டில் காய வை. அவருடைய படம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக்கி, இருளையும் ஒளியையும் தலைகீழாக்கி, பிளாஸ்டிக் தாளில் அச்சிடு. அதுதான் உன் நெகட்டிவ். பூசிய தாளின்மேல் அதை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் கொண்டுபோய் வை. நல்ல வெயிலில் எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. பச்சை கலந்த மஞ்சள் நிறம் நீலமாகி, சாம்பல் பூத்ததும் எடுத்து, மஞ்சள் முழுவதும் கரையும் வரை தண்ணீரில் அலசு. அங்கேதான் முகம் வரும். மறுநாள் பார்த்தால் நீலம் இன்னும் ஆழமாகியிருக்கும்.

சோப்பு பட்டால் நீலம் போய்விடும். நாள்பட்ட வெளிச்சத்திலும் வெளுக்கும். ஆனால் அப்படி வெளுத்த படத்தைச் சில நாள் இருட்டில் வைத்தால் நிறம் பெரும்பாலும் திரும்பி வருகிறது. அதனால் சுவரில் மாட்டப் பயப்படாதே, அவ்வப்போது கழற்றி ஓய்வு கொடு.

தாளில் பூசுவதற்கு உனக்குத் தனியாக இருட்டு அறை இல்லை என்று தெரியும். பன்னிரண்டு தாள்களைப் பூசிக் காயவைத்துக் கறுப்பு உறையில் போட்டுக் கொண்டுவருகிறேன். பூசிய தாள் நெடுநாள் தாங்காது, ஆகவே நான் வரும் தேதியை முன்கூட்டியே முடிவு செய்வோம். அம்மாவைத் தம்பி ஒரு வாரம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். அந்தப் பிளாஸ்டிக் தாள் பாக்கெட்டின்மேல் இங்க்ஜெட் என்று இருக்கிறதா, லேசர் என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது. எந்தப் படம் என்பதையும் நீயே எடுத்து வை.

என்றும் அன்புடன்,
உன் தோழி