செட்டிப்புடவுல நம்ம பேரு

மாப்ள,

சித்திரைத் திருவிழாவுக்கு அப்புறம் உனக்கு ஒரு போன் கூட போடலை. நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் மூணையும் கேட்டுட்டேன், பதில்தான் போடலை. தப்புதான். நாளைக்கு பேசிக்கலாம் நாளைக்கு பேசிக்கலாம்னு தள்ளிட்டே வந்து ஆறு மாசம் ஆகிப்போச்சு. இன்னைக்கு உன்கிட்ட சொல்லியே ஆகணும்னு ஒரு விஷயம் இருக்கு, போன்ல சொன்னா நீ சிரிச்சே மழுப்பிருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன். டூட்டி முடிஞ்சு வந்து நிதானமா படி.

வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சு இப்ப ஊசியில அதுவே நூல் கோர்க்குது. நம்ம சோடா அவன் மூத்த பொண்ணுக்கு தை மாசம் கல்யாணம் வச்சிருக்கான், பத்திரிக்கை வாட்ஸ்அப்ல வரும், பாக்காத மாதிரி இருந்துறாத.

போன ஞாயித்துக்கிழமை உங்க அப்பா வண்டிய வெளிய எடுத்தேன். பழைய பெட்ரோலை வடிச்சு கார்புரேட்டரைக் கழுவி டூடி ஆயில் ஊத்தி, ஏழாவது உதையில பிடிச்சுக்கிச்சு. ஆர்எக்ஸ் ஹண்ட்ரட் சத்தம்தான் உனக்குத் தெரியுமே, தெருவே எந்திரிச்சிருச்சு. எதிர்வீட்டு ஆச்சி உங்க அப்பாதான் வர்றாருன்னு ஒரு நிமிஷம் நினைச்சிருச்சாம், வாசல்ல நின்னு கண்ணத் தொடச்சுக்கிட்டு சொல்லுச்சு. எனக்கும் ஒரு மாதிரி ஆயிருச்சு.

எடுத்ததுக்குக் காரணம் பாப்பா. எட்டாவது வந்துட்டா. எதையோ படிச்சிட்டு வந்து "நம்ம ஊர்ல புத்தர் குகைக் கோயில் இருக்காப்பா"ன்னு கேட்டா. நீதான் அந்தக் காலத்துல புத்தர் குகை புத்தர் குகைன்னு சொல்லிட்டுத் திரிவ, அதே வார்த்தை அவ வாயில வந்ததும் சரி, கீழக்குயில்குடி சமணர் மலைக்கே கூட்டிட்டுப் போவோம்னு கிளம்பிட்டேன். காலைல ஆறு மணிக்கு காளவாசல் தாண்டுனோம். அச்சம்பத்துகிட்ட வண்டி நின்னுருச்சு, பிளக்குல கரி. கழட்டி உப்புத்தாள்ல தேச்சு மாட்டுனேன், மிச்ச உப்புத்தாளை மடிச்சு பையில வச்சேன். இத ஞாபகம் வச்சுக்க, பின்னாடி வரும்.

தேனி ரோட்டுல நாகமலை கூடவே வரும்ல, உங்க அப்பத்தா சொன்ன கதைய அவளுக்கு சொல்லிட்டே போனேன். சமணர்கள் மதுரைய அழிக்க யாகம் பண்ணி யானைய அனுப்புனாங்க, சொக்கநாதர் நரசிங்கக் கணை விட்டு அதைக் கல்லாக்கிட்டாரு, அது யானைமலை. பாம்பை அனுப்புனாங்க, பாண்டிய ராஜா அம்பு விட்டு விழுந்தது நாகமலை. பசுவை அனுப்புனாங்க, நந்திய அனுப்பி அதை மயக்கி விழ வச்சது பசுமலை. திருவிளையாடல் கதைதான், ஆனா உங்க அப்பத்தா சொல்றப்ப பக்கத்து வீட்டுல நேத்து நடந்த மாதிரி இருக்கும். பாப்பா எல்லாத்தையும் கேட்டுட்டு "அப்ப சமணருங்க கெட்டவங்களாப்பா"ன்னு கேட்டா. எனக்கு உடனே பதில் வரலை.

அய்யனார் கோயில்ல கும்பிட்டுட்டு, தாமரைக் குளத்துப் பக்கம் வண்டிய நிறுத்திட்டு மொதல்ல பேச்சிப்பள்ளம் ஏறுனோம். சுனைக்கு மேல பாறையில வரிசையா எட்டு சிலை, பாம்பு படம் விரிச்சு குடை பிடிக்கிற பார்சுவநாதர், கால்ல கொடி சுத்துன பாகுபலி, மகாவீரர். நாம அப்ப போனப்ப சுனைத் தண்ணியில கல்லு விட்டோமே தவிர மேல நிமிர்ந்து பாத்தோமான்னே தெரியலை. சிலைகளுக்குக் கீழ வட்டெழுத்துல, அதான் அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து, யார் செஞ்சு வச்சாங்கன்னு வெட்டியிருக்கு. அதுல ஒண்ணு குணமதியார்னு ஒரு அம்மா செய்ய வச்சது. அச்சணந்தின்னு பெரிய முனிவர், மதுரை சுத்தி மலைமலையா அவர் பேரு இருக்கு, அவரோட தாயாருடா இந்த அம்மா. பிள்ளை துறவியாப் போனதுக்கு அப்புறமும் அவன் அம்மான்னு சொல்லித்தான் தன் பேர வெட்டியிருக்கு. அந்த இடத்துல ரொம்ப நேரம் நின்னேன்.

அப்புறம் செட்டிப்புடவு. குகை வாசல்ல பெருசா உக்காந்திருக்காரே அவரத்தான் நீ புத்தர்னு சொல்லுவ. இல்ல மாப்ள, சமணங்க கும்பிடுற தீர்த்தங்கரர். தலைக்கு மேல முக்குடை இருக்கு பாரு, ஒண்ணு மேல ஒண்ணா மூணு குடை, அது சமணத்துக்கு அடையாளம். உடம்புல துணி கிடையாது. புத்தருக்கு சீவர ஆடை இருக்கும். ஊர்க்காரங்க புத்தர்னும் சொல்லலை தீர்த்தங்கரர்னும் சொல்லலை, நீளக் காதப் பாத்துட்டு செட்டியார்னு சொல்லிட்டாங்க, புடவுன்னா குகை, செட்டிப்புடவு. இதேதான் மத்த மலைகள்லயும், சமண முனிவர் படுத்த கற்படுக்கைய எல்லாம் பஞ்சபாண்டவர் படுக்கைன்னு சொல்லுவாங்க. நான் அதைத் தப்புன்னு நினைச்சிட்டிருந்தேன். இப்ப தோணுது, யாருன்னு மறந்துபோன பிறகும் தனக்குத் தெரிஞ்ச பேர வச்சு சொந்தமாக்கிக்கிட்டதாலதான் இதுகள்ல பாதி இன்னும் நிக்குது. செட்டியாரை யாரும் உடைக்க மாட்டாங்கல்ல.

இன்னொண்ணு. ஞானசம்பந்தர்கூட வைகையில ஏடு விட்டு, வாதத்துல தோத்து, எண்ணாயிரம் சமணரும் கழுவேறிட்டாங்கன்னுதான நாம கேட்டு வளந்தோம். ஞானசம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டு. இந்த மலையில இருக்குற சிலைகள் ஒன்பது பத்தாம் நூற்றாண்டு. இருநூறு வருஷம் கழிச்சும் இங்க பள்ளி நடந்திருக்கு, பாண்டிய ராஜா கொடை குடுத்திருக்காரு, பொம்பளைங்க சிலை செய்ய வச்சிருக்காங்க. பாப்பாகிட்ட அதைத்தான் சொன்னேன், கெட்டவங்களும் இல்ல, மொத்தமா செத்தும் போகல, உன்ன மாதிரி பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிட்டு இங்க இருந்திருக்காங்கன்னு.

அவ நோட்ட எடுத்து செட்டியாருக்குக் கீழ இருக்குற வட்டெழுத்த ஒவ்வொண்ணா பாத்து வரைய ஆரம்பிச்சா. ஒரு எழுத்தும் படிக்க வரலை, ஆனா விடல. அப்படியே ஓரமா நகந்து போனவ திடீர்னு "அப்பா, இது மட்டும் படிக்க வருது"ன்னா.

உன் பேரு மாப்ள. பெருசா. கீழ என் பேரு. பதினொண்ணு பி, 1996.

சத்தமா படிச்சா. என் இனிஷியலோட படிச்சிட்டு திரும்பி என் முகத்தப் பாத்தா. ஒண்ணும் கேக்கலை. கேட்டிருந்தா தேவலை.

உனக்கு ஞாபகம் இருக்கா? காம்பஸ் முள்ளுல ஆரம்பிச்சோம், அது மொக்கையானதும் இதே வண்டி டூல்பாக்ஸ்ல இருந்து ஸ்க்ரூ டிரைவர் எடுத்து கல்லு வச்சுத் தட்டுனோம். முக்கா மணி நேரம். யார் பேரு மேலங்கிறதுல சண்டை வேற. ஆயிரம் வருஷம் மழையும் வெயிலும் பாத்த பாறை கருகருன்னு இருக்கு, நாம தட்டுன எடம் முப்பது வருஷமாகியும் இன்னும் வெளுப்பாவே இருக்கு, வட்டெழுத்துல இருந்து ஒரு சாண் கூட இல்ல. ஒரு சாண் தள்ளித் தட்டியிருந்தோம்னா அந்தக் கல்வெட்டையே அழிச்சிருப்போம்டா. அதை நினைச்சா இப்பவும் வயிறு கலங்குது.

பையில இருந்த உப்புத்தாள எடுத்துட்டுப் போயி தேய்க்கப் போனேன். கீழ ஆடு மேச்சிட்டிருந்த அம்மா ஒண்ணு மேல வந்திருந்துச்சு, "தேய்க்காதப்பா, தேச்சா அந்த எடம் பூரா வெள்ளையாயிரும், அங்க ஒருத்தன் தேச்சு வச்சிருக்கான் பாரு"ன்னு கைய காமிச்சுச்சு. பாத்தேன், தட்டு அளவுக்கு தேமல் மாதிரி இருக்கு. யாரோ என்னைய மாதிரியே வந்து அழிக்கப் பாத்திருக்கான் போல. அதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது, அது அப்படியேதான் இருக்கும். வெட்டுறது முக்கா மணி நேரம், எடுக்குறதுக்கு வழியே இல்ல.

அங்க இருந்து அவ பேசாம வந்தா. ஒத்தக்கடை தாண்டி யானைமலை தெரிஞ்சப்ப மட்டும் "நெஜமாவே யானை படுத்திருக்குற மாதிரியே இருக்குப்பா"ன்னா. மத்தியானம் அரிட்டாபட்டி போயிட்டோம். கழிஞ்சமலை குகையில முகப்புல மழைத்தண்ணி உள்ள வராம காடி வெட்டியிருக்காங்க, அதுக்குக் கீழ தமிழிக் கல்வெட்டு, அதான் தமிழ் பிராமி, இது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தினது. உள்ள கற்படுக்கையில பாப்பா படுத்துப் பாத்தா, அந்த வெயில்லயும் கல்லு சில்லுனு இருந்துச்சு. பக்கத்துலயே தீர்த்தங்கரர், அதுலயும் அச்சணந்தி பேரு. காலைல அம்மாவப் பாத்துட்டு மத்தியானம் மகனப் பாத்த மாதிரி இருந்துச்சு.

அந்த மலைய சுத்தித்தான் டங்ஸ்டன் சுரங்கம் வரப் பாத்துச்சு. 2022லயே தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அரசு அறிவிச்ச ஊருடா, லகுடு வல்லூறு எல்லாம் இருக்குற மலை. அதோட ரெண்டு வருஷத்துல அந்த வட்டாரத்தையே ஏலத்துல விட்டுட்டாங்க. ஊர் ஊரா ஜனம் கிளம்பி மேலூர்ப் பக்கம் இருந்து மதுரைக்கு நடந்தே வந்துச்சு, 2025 ஜனவரி 23ந்தேதி ஏலத்தை ரத்து பண்ணாங்க. டீக்கடையில அந்தப் போராட்டத்துக்குப் போன அண்ணன் ஒருத்தர் பேசிட்டிருந்தாரு, "இது எங்க சாமிமலை தம்பி, இதைக் குடுத்துட்டு எங்க போறது"ன்னாரு. அந்த ஆளு முன்னாடி என்னால நிமிந்து டீ குடிக்க முடியலை.

ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடிதான் பாப்பா வாயத் தொறந்தா. "அந்த இன்னொரு பேரு மஸ்கட் மாமாதான?"ன்னு கேட்டா. ஆமான்னேன். "மாமா வரட்டும், கேக்குறேன்"ன்னா. என்ன கேப்பான்னு எனக்குத் தெரியலை மாப்ள, ஆனா ரெண்டு பேரும் சேந்து நின்னுதான் பதில் சொல்லணும். எனக்கு ஒத்தையா சொல்ல முடியாது.

சோடா வீட்டுக் கல்யாணத்துக்கு லீவு போட்டே ஆகணும். மொத நாள் காலைல மூணு பேரும் செட்டிப்புடவு போறோம். அவ கிளாஸ் பசங்களையும் கூட்டிட்டு வர்றாளாம், அவங்ககிட்ட நாமளே காட்டி, நாங்கதான் செஞ்சோம், நீங்க செஞ்சிராதீங்கன்னு சொல்லலாம்னு இருக்கேன், நீ என்ன சொல்ற?

வண்டிக்கு பின் டயர் வெடிச்சுப் போயிருக்கு, மாத்தணும். சீட்டு கவர் உங்க அப்பா போட்டது, கிழிஞ்சிருக்கு, ஆனா உன்னக் கேக்காம அதைத் தொட மாட்டேன். என்ன செய்யன்னு எழுது.

உன் மாப்ள
மதுரை