கிளாத்தி புதிதாக வந்ததா, இங்கேயே இருந்ததா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலூர், புதுச்சேரிக் கரையில் கிளாத்தி போன்ற பவளப்பாறை மீன் ஒன்று வலையில் ஏறினாலே, 'கடல் சூடானதால் இடம்பெயர்ந்து வந்தது' என்று செய்தி வந்துவிடுகிறது. கடல் சூடாவது உண்மைதான். ஆனால் அந்த மீன் அதற்குச் சாட்சி ஆகாது.

ஒரு மீன் இனம் வாழும் பரப்பு, அதாவது பரவல், நகர்வது அதன் ஓரத்தில்தான் பளிச்சென்று தெரியும். 2011-இல் மேற்கு ஆஸ்திரேலியாவைக் கடல் வெப்ப அலை தாக்கியபின் வெப்பக்கடல் மீன்களான ஓராவும் கிளிமீனும் தெற்கே பெருகி, அழிந்த கெல்ப் என்னும் குளிர்கடல் பெரும்பாசிக் காடு மறுபடி துளிர்க்க விடாமல் மேய்ந்தன. நம் கரை அப்படி ஓரம் அல்ல. செங்கடல் முதல் பசிபிக் வரை வாழும் மீன்களுக்கு இது நட்டநடுப் பகுதி. பெண்ணையாறும் கெடிலமும் கொண்டுவந்து சேர்க்கும் வண்டலில் ஒதுங்கக் கல் இல்லாததுதான் அவற்றுக்குக் குறை. செயற்கைப் பார் (கடலடிப் பாறைத் திட்டு) இறக்கினாலோ, கரை அரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவுக்குக் கல் கொட்டினாலோ வந்து அடைந்துவிடும். மார்ச், ஏப்ரலில் வடக்கே ஓடும் நீரோட்டமும் தெற்கிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவரக்கூடும்.

பெயரிலேயே பாதித் தவறு நடக்கிறது. 'கிளாத்தி' என்பது ஒரே மீன் அல்ல. முதுகு முள்ளைப் பாருங்கள்: பெரிதாக ஒரே முள் நின்றால் ஒரு குடும்பம், முதல் முள் விறைத்து நின்று, இரண்டாவதை அழுத்தியதும் மடங்கினால் வேறு குடும்பம். உடல் கருநீலம், பல் சிவப்பு என்றால் வாய் தெரிய ஒரு படம் எடுக்க வேண்டும். ஐஸில் கிடந்தால் நிறம் மங்கும். படகிலேயே, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுப்பது நல்லது.

ஏலம் போன துறைமுகம் பிடித்த இடம் ஆகாது. எத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழம், சேறா மணலா பாரா, எந்த வலை, ஜி.பி.எஸ். புள்ளி எது என்பதெல்லாம் வேண்டும். குஞ்சு மட்டும் கிடைத்தால் நீரோட்டத்தில் வந்ததாக இருக்கலாம். சினை மீன் ஆண்டுதோறும் கிடைத்தால்தான் இங்கே நிலைகொண்டது என்று பேசத் தொடங்கலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. கடல் நன்றாகச் சூடேறும் நாட்களும் அவையே. அப்போது நாட்டுப்படகுத் தூண்டில்காரர்கள் சொல்லும் கணக்கைக் கேட்டு எழுதுங்கள். பாறையோரம் வாழும் களவா மீன் ஒன்றுகூடக் கடிக்காமல் திரும்பிய நாட்களையும், அன்று எத்தனை தூண்டில், எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெப்பக் கடலில் ஒரு மீன் விலகிப்போனால் அந்த இடத்துக்கு வர, அதைவிடச் சூட்டுக்குப் பழகிய மீன் அநேகமாக இல்லை. வந்த மீனுக்குப் படம் போடும் நாம், போன மீனுக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை.

இப்படிக்கு,
வாசகர், கடலூர் முதுநகர்