பெரு போகிறவர்களுக்கு: நாட்களைக் கூட்டுங்கள், செலவு தானாகக் குறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பெரு பயணக் கட்டுரையைப் படித்தேன். தலைநகர் லிமா, மலை நகரம் குஸ்கோ, இன்கா இடிபாடுகள் இருக்கும் மச்சு பிச்சு, டிட்டிகாகா ஏரி நான்கையும் 7 நாளில் பார்த்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். இதே மாதிரி ஓர் அட்டவணையை நம்பித்தான் நானும் என் தங்கையும் போனோம். லிமாவில் இறங்கிய மறுநாளே விமானத்தில் குஸ்கோ. அன்று ராத்திரி விடுதி அறையில் தங்கைக்குத் தலை வெடிக்கிற வலி, வாந்தி, படுத்தால் மூச்சு திணறல். விடுதிக்காரர்கள் ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவந்து வைத்தார்கள், விடியும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

லிமா கடலோரம். குஸ்கோ 3,400 மீட்டர் உயரம். விமானத்தில் இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, உடம்புக்கு என்ன நடந்தது என்றே புரியாது. அங்கே மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன் கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இந்த மலைநோயை அந்த ஊர் மக்கள் சொரோச்சே என்கிறார்கள். இளைஞர், வயதானவர், உடற்பயிற்சி செய்பவர் என்று அது ஆள் பார்ப்பதில்லை. பலருக்குத் தெரியாத விஷயம், மச்சு பிச்சு குஸ்கோவைவிடக் கிட்டத்தட்ட 1,000 மீட்டர் தாழ்வில், 2,430 மீட்டரில்தான் இருக்கிறது. ஆகவே குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் தங்காமல் நேராகக் குஸ்கோவைவிடத் தாழ்வில் இருக்கும் புனிதப் பள்ளத்தாக்குக்கு வண்டி பிடித்து, சுமார் 2,800 மீட்டரில் இருக்கும் ஒல்லாந்தாய்தம்போவில் இரண்டு மூன்று இரவு தூங்கி, அங்கிருந்தே ரயிலேறி மச்சு பிச்சு பார்த்துவிட்டு, அதற்கு அப்புறம் குஸ்கோவுக்கு வந்தால் உடம்பும் பழகியிருக்கும், ரயில் தூரமும் குறையும். டிட்டிகாகா 3,800 மீட்டர், அது கடைசியில்தான். மலைநோயைத் தடுக்க எடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை மறக்காமல் சொல்லுங்கள். மூச்சுத் திணறல் கூடிக்கொண்டே போனால் ஒரே வழி கீழே இறங்குவது. கொக்கா இலைத் தேநீர் எல்லா விடுதியிலும் தருவார்கள், அங்கே அது சட்டப்படி சரிதான், ஆனால் நினைவுக்காக என்று ஒரு இலையைக்கூடப் பெட்டியில் போட்டுக்கொள்ள வேண்டாம், பல நாடுகளில் அது போதைப்பொருள் வழக்கு.

சரி, நாட்கள் கூடினால் செலவு கூடுமே என்பீர்கள். எங்கள் கணக்கில் அப்படி ஆகவில்லை. அவசரத்துக்குத்தான் பெருவில் விலை அதிகம். மச்சு பிச்சு நுழைவுச்சீட்டைக் கலாச்சார அமைச்சகத்தின் தளத்திலேயே வாங்கலாம், வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு வழக்கமான சீட்டு 152 சோல் (சோல் பெரு நாட்டு நாணயம்). ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அது பல வாரம் முன்பே தீர்ந்துவிடும். அப்போது தேதியை நகர்த்த முடியாதவர்கள் தரகர் கேட்கும் விலையைக் கொடுப்பார்கள், நகர்த்த முடிந்தவர்கள் அடுத்த நாளைப் பார்ப்பார்கள். சீட்டில் நுழையும் நேரமும், உள்ளே எந்தப் பாதையில் நடக்கலாம் என்ற சுற்று எண்ணும் அச்சாகியிருக்கும். மேலிருந்து தெரியும் புகழ்பெற்ற அந்தக் காட்சியையும் பார்த்து இடிபாடுகளுக்குள்ளும் நடக்க வேண்டுமென்றால் 2-ஆம் சுற்று. இது தெரியாமல் 3-ஆம் சுற்றை வாங்கிக்கொண்டு கீழ்ப்பகுதியோடு திரும்பிய ஒரு குடும்பத்தை நாங்கள் பார்த்தோம், பாவமாக இருந்தது. ரயில் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. குஸ்கோவிலிருந்து வேனில் ஆறேழு மணி நேரம் போய் ஹிட்ரோஎலெக்ட்ரிக்கா என்ற இடத்தில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டி 10 கிலோமீட்டர் போல நடந்தால் மலையடிவார ஊர் வந்துவிடும். பணம் நன்றாகவே மிச்சமாகும், ஆனால் மழைக்காலத்தில் அந்தச் சாலையில் மண் சரியும், ஜனவரி பிப்ரவரியில் நான் யாரையும் அந்தப் பக்கம் அனுப்ப மாட்டேன். மச்சு பிச்சுவுக்கு நடந்தே போகும் இன்கா பாதை மலையேற்றமே பிப்ரவரி முழுவதும் மூடிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஏப்ரல் கடைசி, மே முதல் பாதி, இல்லையென்றால் செப்டம்பர். ஜூன் 24 இந்தி ராய்மி என்ற சூரியத் திருவிழா, ஜூலை 28, 29 சுதந்திர தினம், இந்த நாட்களை ஒட்டி அறை வாடகை ஏறிவிடும்.

அறை வாடகை என்றதும் ஒன்று. பெருவில் தங்குமிடத்துக்குப் பொதுவாக 18 சதவீத வரி உண்டு, ஆனால் 60 நாளுக்கு உள்ளாகத் தங்கும் வெளிநாட்டவருக்கு அதில் விலக்கு இருக்கிறது. கடவுச்சீட்டையும் நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவையும் காட்டினால் போதும். பல விடுதிகளில் நாமாகக் கேட்க வேண்டியிருக்கும், கேளுங்கள். மதியத்துக்கு மெனு என்று எழுதிப் போட்டிருக்கும் சின்னக் கடைக்குள் போனால் சூப், ஒரு சாப்பாடு, குடிக்க ஏதாவது சேர்த்து ஒரு விலைக்குத் தருவார்கள், உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுவதும் அதுதான். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்கவும், கார்னே என்றால் அவர்களுக்குப் பெரும்பாலும் மாட்டிறைச்சி மட்டும்தான், ஆகவே சின் கார்னே (கார்னே இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழி வந்து நிற்கும், சின் போயோ (கோழி இல்லாமல்) என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

ஆனால் சில இடங்களில் பணத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது. அங்கே டாக்சிகளில் மீட்டர் கிடையாது. லிமாவில் ராத்திரி இறங்கினால் விமான நிலையத்துக்கு உள்ளேயே பதிவுபெற்ற டாக்சியை எடுங்கள், வெளியே கை காட்டிக் கூப்பிடுகிறவர் பாதி விலை சொன்னாலும் வேண்டாம். மீராஃப்ளோரஸ், பார்ராங்கோ பக்கம் தங்குங்கள், அங்கேயும் தெருவோரம் நின்று போனைப் பார்க்காதீர்கள், மோட்டார் சைக்கிளில் வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இரவு பேருந்தில் போவதானால் சொந்த நிலையத்தில் மட்டும் ஆள் ஏற்றும், வழியில் நிறுத்தாத நிறுவனமாகப் பாருங்கள், கடவுச்சீட்டும் பணமும் மேல்தட்டில் வேண்டாம், உடம்போடு இருக்கட்டும். கள்ள நோட்டு நிறையப் புழங்குகிறது, கடைக்காரர் நாம் கொடுக்கும் நோட்டைத் தடவிப் பார்ப்பார், நாமும் மீதிச் சில்லறையைத் தடவிப் பார்க்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம்வரை அது செல்லுபடியாகும் என்று பாருங்கள். அமேசான் காட்டுப் பக்கம், இகிடோஸ், புவெர்தோ மால்தொனாதோ போகிறவர்கள் 10 நாள் முன்னதாகவே மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். காட்டுக்குப் போகாவிட்டாலும் இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழ் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்திவிடலாம்.

கையில் இரண்டு நாள் உபரியாக வையுங்கள் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 டிசம்பரில் அதிபர் பெத்ரோ காஸ்தியோ பதவி நீக்கப்பட்டதும் நாடு முழுக்கப் போராட்டம், சாலை மறியல், ரயில் நிறுத்தம். 2023 ஜனவரியில் மச்சு பிச்சுவையே மூடினார்கள், பிப்ரவரி நடுவில்தான் திறந்தார்கள். மலையடிவாரத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். மறியல் அங்கே அடிக்கடி நடக்கிற விஷயம், அதற்காகப் பயந்து போகாமல் இருக்க வேண்டாம், மச்சு பிச்சு பார்த்த மறுநாளே ஊர் திரும்பும் விமானத்தைப் போடாமல் இருந்தால் போதும். ஐபெரு என்ற அரசுத் தகவல் மையத்தில் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று இலவசமாகச் சொல்வார்கள், நாங்கள் மூன்று முறை கேட்டோம், மூன்று முறையும் பொறுமையாகச் சொன்னார்கள்.

என் தங்கை இரண்டாம் நாள் பள்ளத்தாக்குக்கு இறங்கியதும் தேறிவிட்டாள், மச்சு பிச்சுவில் என்னைவிட வேகமாக நடந்தாள். உங்களிடம் ஒரு வேண்டுகோள்தான். அடுத்த முறை ஆண்டிஸ் மலை ஊர்களைப் பற்றிக் கட்டுரை போடும்போது, ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் பக்கத்தில் அதன் உயரத்தை மீட்டரில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி