அண்ணிக்கு, அந்த ஊசியைப் பற்றி

அன்புள்ள அண்ணி,

ராத்திரி நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் ஃபார்வர்டைப் பார்த்தேன். "எம்.ஆர்.ஐ. ஊசி மருந்து மூளையிலேயே தங்கிவிடும்." கீழே நீங்கள், "உங்க அண்ணனுக்கு இனிமே அந்த ஊசி வேணாம்" என்று. போனில் பேசினால் நடுவில் அழுதுவிடுவீர்கள். எழுதிவிடுகிறேன், இதே பயம் உள்ள வேறு வீட்டுக்காரர்களும் படிக்கட்டும்.

அந்த ஃபார்வர்ட் முழுப் பொய்யில்லை. ஒன்பது வருஷமாக ராயபுரத்தில் ஸ்கேன் மேஜைப் பக்கத்தில் நிற்கிற நான், "கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்" என்பதற்கு மேல் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. அது என் தப்பு.

மருந்தில் இருப்பது காடோலினியம் என்ற உலோகம். தனியாக விட்டால் விஷம். காசிமேட்டில் உயிர் நண்டின் கொடுக்கைக் கயிற்றால் கட்டி விற்பார்களே, அப்படி வேறொரு மூலக்கூறால் கட்டித்தான் உள்ளே அனுப்புகிறார்கள். கட்டுவதில் இரண்டு ரகம். லீனியர் என்பது கயிற்றுக்கட்டு, அவிழ வாய்ப்புண்டு. மேக்ரோசைக்ளிக் என்பது மூடி போட்ட கூடை. சிறுநீரகம் நன்றாக இருந்தால் மருந்தில் பெரும்பகுதி ஒரு நாளில் சிறுநீரில் போய்விடும். ஊசிக்கு முன் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, கேட்பதும் அதனால்தான்.

மிச்சம்? பலமுறை ஊசி போட்டவர்களுக்கு, புதிதாக ஊசி போடாமல் எடுத்த படத்திலேயே சிறுமூளைக்குள் ஓரிடம் வெளுத்துத் தெரிவதை 2014-ல் ஜப்பான் டாக்டர்கள் எழுதினார்கள். அடுத்த வருஷம் அமெரிக்காவில், இறந்தவர்களின் மூளைத் திசுவிலேயே உலோகத்தை அளந்தார்கள். 2017-ல் ஐரோப்பா பல லீனியர் மருந்துகளை நிறுத்தியது. அமெரிக்கா நிறுத்தவில்லை, எச்சரிக்கை மட்டும் சேர்த்தது. கூடை ரகமும் கொஞ்சம் விட்டுவைக்கும், ரொம்பக் குறைவாக. தங்கியதால் மூளைக்குக் கெடுதல் வந்தது என்று இதுவரை நிரூபணமாகவில்லை.

அண்ணனுக்கு வந்தது மூளைக் கட்டி, அதனால் இன்னொன்று. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. கட்டி வளர்ந்த இடத்தில் அது ஓட்டையாகி மருந்து கசிகிறது. படத்தில் கட்டி பளிச்சென்று தெரிவது அந்தக் கசிவால்தான். கட்டித் திசுவிலும் பக்கத்து மூளையிலும் காடோலினியம் இருந்ததை ஆபரேஷனில் எடுத்த துண்டுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கட்டி திரும்ப வருகிறதா என்று காட்டிக்கொடுப்பதும் அதே கசிவுதான். ஊசியே வேண்டாமென்றால் சின்னதாகத் துளிர்க்கும்போது கண்ணில் படாமல் போகலாம். எனக்கு அந்தப் பயம்தான் பெரிசு.

அதனால் ஊசியை மறுக்காதீர்கள், கேள்வி கேளுங்கள். "மேக்ரோசைக்ளிக்தானே?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால் என்னைக் கூப்பிடுங்கள். இந்தத் தடவை ஊசி அவசியமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

பழைய ரிப்போர்ட்டில் எந்த மருந்து, எத்தனை மில்லி என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டைக்கு வருகிறேன், ஃபைலை எடுத்து வையுங்கள். தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதிவிடுவோம். மீன் வாங்க வேண்டாம், வரும்போது நான் கொண்டுவருகிறேன்.

உங்கள் கொழுந்தன்