கிளிகள் அடையும் வேளை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கார்த்திகை முடிவதற்குள் வந்து சேர்ந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு நீ அதில் கேட்டிருந்த கேள்விதான் காரணம். லண்டனில் பறந்து திரியும் கிளிகளும், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்துப் பொந்துகளில் நாம் பார்த்து வளர்ந்த கிளிகளும் ஒன்றுதானா என்று கேட்டிருந்தாய். இரண்டும் செந்தார்ப் பைங்கிளி என்ற ஒரே இனந்தான் என்று அன்றே எழுதி முடித்திருக்கலாம். ஆனால் அதற்குள் ஒரு நுட்பமான வேறுபாடு இருப்பது தெரிந்ததால், அதை என் கண்ணாலேயே பார்த்து, கூடுமானால் படமும் எடுத்து, பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

லண்டனில் லூயிஷம் சிவன் கோயிலிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஹிதர் கிரீன் கல்லறைத் தோட்டத்தில் இங்குள்ள கிளிகள் ஆயிரக்கணக்கில் வந்து அடைகின்றன. இங்கே மார்கழியில் பிற்பகல் நான்கு மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். நான் மூன்று மணிக்கே போய், கல்லறை வரிசைகளுக்கு நடுவே செல்லும் பாதையில் நின்றுகொள்வேன். முதலில் இரண்டு மூன்றாக வந்து ஓரத்து மரங்களின் உச்சியில் உட்காருகின்றன. வெளிச்சம் மங்க மங்க இருபது, முப்பது என்று கூட்டங்கள் பெருகி, சில கூட்டங்கள் கல்லறைக் கற்களை உரசுவதுபோலத் தாழ்ந்து, அம்பு போல விரைந்து, நான் நிற்பதையும் பொருட்படுத்தாமல் என் தோளுக்குப் பக்கத்திலேயே கடந்து போகின்றன. அப்போது எழும் கீச்சொலியை நீ ஒருமுறையாவது கேட்க வேண்டும். ஒரு நாள் பத்துப் பத்தாக எண்ணத் தொடங்கி, ஆயிரத்தைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன்; அதன் பிறகும் அரைமணி நேரம் வந்துகொண்டே இருந்தன.

மரத்தில் அமர்ந்தவுடன் அவை உறங்கிவிடும் என்று எண்ணிவிடாதே. ஒன்றையொன்று தள்ளி, இடம் மாறி, மீண்டும் எழுந்து வட்டமிட்டு, கிளைக்குக் கிளை வழக்காடித் தீர்ந்த பிறகுதான் அடங்குகின்றன. ஒரு மாலை அத்தனை கிளிகளும் ஒரே நொடியில் கத்தலை நிறுத்திவிட்டு மரத்தைவிட்டு எழுந்தன. லண்டனில் பைரி என்னும் வேட்டைப் பறவைகள் கிளிகளைப் பிடிப்பது உண்டு. அன்றும் அப்படி ஒன்று மேலே சுற்றியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவை திரும்பி வந்து அமர வெகுநேரம் ஆயிற்று. அந்த நிசப்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

படம் எடுப்பதில் உள்ள தொல்லை என்னவென்றால், கிளிகள் திரண்டு வரும் நேரமும் வெளிச்சம் கைவிடும் நேரமும் ஒன்றாக இருப்பதுதான். முதல் சில நாட்கள் 400 மிமீ லென்ஸில் ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியாக வைத்து, அதற்கு ஈடாக ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறனை, ஏற்றிக்கொண்டே போனேன். கிடைத்தவையெல்லாம் புள்ளிகள் மண்டிய, நிறமற்ற கரிய உருவங்கள். பச்சை என்பதே தெரியவில்லை. ஃபிளாஷ் போட்டால் நிறம் கிடைக்கும், ஆனால் உறங்கவரும் பறவையின் கண்ணில் அதை அடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பிறகு வேகத்தை 1/20 நொடிக்குக் குறைத்து, கூட்டம் பறக்கும் திசையிலேயே கேமராவைத் திருப்பிக்கொண்டு எடுக்கப் பழகினேன். நூற்றில் ஒன்றோ இரண்டோதான் தேறும். தேறிய படத்தில் கற்கள் சாம்பல் நிறக் கோடுகளாகக் கரைந்திருக்க, அவற்றின்மேல் பச்சைக் கீற்றுகள் ஓடுகின்றன. எனக்குப் பிடித்தவை அவைதான். ஆனால் உன் கேள்விக்கு அவற்றில் விடை இல்லை.

விடை அலகில் இருக்கிறது. ஆண்டாளின் கையில் நாள்தோறும் புதிதாகச் செய்து வைக்கும் இலைக்கிளிக்கு மாதுளம்பூவால் அலகு அமைப்பதை நீ எத்தனையோ முறை பார்த்திருப்பாய். ஆனால் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் உயிருள்ள கிளிக்கு மேலலகுதான் அந்தச் சிவப்பு, கீழலகு கருத்திருக்கும். வடக்கே பஞ்சாப் முதலிய பகுதிகளில் வாழும் துணையினத்துக்குக் கீழலகும் சிவந்திருக்கும். ஐரோப்பாவில் பரவியுள்ள கிளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2015 இல் வெளியான ஆய்வு, அவற்றில் பெரும்பாலானவை பாகிஸ்தானையும் வட இந்தியாவையும் பூர்வீகமாகக் கொண்டவை என்று காட்டியது. குளிர் காணும் நாட்டில் பிறந்தவை இந்தக் குளிரைத் தாங்கியது எனக்கு வியப்பாக இல்லை.

அவை இங்கே எப்படி வந்தன என்பதற்கு ஊரார் சொல்லும் கதைகள் பல. 1951 இல் ஒரு திரைப்படப் படப்பிடிப்பிலிருந்து தப்பியவை என்பார்கள். புகழ்பெற்ற கிதார் கலைஞர் ஒருவர் ஒரு ஜோடியைப் பறக்கவிட்டார் என்பார்கள். 2019 இல் லண்டன் ஆய்வாளர்கள் பழைய பதிவுகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது இந்தக் கதைகளுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 1855 இலேயே நார்ஃபோக்கில் ஒரு கிளி பதிவாகியிருக்கிறது. 1969 முதல் அவை இந்நாட்டில் தொடர்ந்து குஞ்சு பொரித்து வருகின்றன. வீடுகளில் வளர்த்தவை பல ஆண்டுகளாக, பல இடங்களில், ஒன்றிரண்டாகத் தப்பியதே காரணம் என்று கொள்வதுதான் பொருத்தம்.

இதைப் படித்தபோது உன் வீட்டுத் திண்ணையில் தொங்கிய கூண்டு நினைவுக்கு வந்தது. இறகு நறுக்கிய அந்தக் கிளிக்கு நாம் மிளகாய்ப்பழம் கொடுத்து, பேசக் கற்றுக்கொடுத்து, அது பேசியதும் ஊரைக் கூட்டினோம். மாலையில் அது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் கத்துமே, அது பசியால் என்று நினைத்து நாம் பழம் நீட்டுவோம். இங்கே ஆயிரம் கிளிகள் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு அடைவதைப் பார்த்த பிறகு, அந்தக் கத்தலுக்கு வேறு பொருள் இருந்திருக்கும் என்று தோன்றி எனக்குத் துக்கமாகிவிட்டது. 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, அப்படிக் கிளியைக் கூண்டில் வளர்ப்பது இன்று குற்றம். அன்று நமக்கு அதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

சென்ற சனிக்கிழமைதான் அலகு கிடைத்தது. கூட்டம் வருவதற்கு வெகுமுன்பே ஓர் ஆண்கிளி தனியாக வந்து, தாழ்ந்த கிளையில் மொட்டுகளைக் கொறித்துக்கொண்டிருந்தது. சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழுந்ததால் கழுத்தின் கருப்பும் இளஞ்சிவப்புமான ஆரமும் அலகும் துலக்கமாகத் தெரிந்தன. கீழலகு சிவப்பு, நுனியில் மட்டும் சற்றே கருமை. ஒரு படம் எதையும் நிறுவிவிடாது என்பதை அறிவேன். இருந்தாலும் உனக்கு அனுப்ப வேண்டும் என்றுதான் அச்சிட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இனி உன் முறை. மாலையில் போகாதே, நிறம் ஏமாற்றும். காலையில் கோபுரத்தில் வெயில் ஏறியதும், பொந்தைவிட்டு வெளியே வந்து உட்காரும் கிளி ஒன்றைப் பார்த்து, கீழலகு தெரியும்படி படம் எடுத்து அனுப்பு. மாலையில் அவை அங்கே எந்த மரத்தில் அடைகின்றன என்பதையும் எழுது. சிறுவயதில் கண்மாய்க்கரைப் பக்கம் பறந்து போவதைப் பார்த்திருக்கிறோமே தவிர, எங்கே போகின்றன என்று நாம் ஒருநாளும் தொடர்ந்து போனதில்லை.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

என்றும் உன்,
பழைய வகுப்புத் தோழன்