முடி தானம் திரட்டும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள மாணவ மாணவியருக்கு,

முதலில் நன்றி. ஆண்டுக்கணக்கில் வளர்த்த கூந்தலை ஒரே காலையில் வெட்டிக் கொடுக்கிறீர்கள். பலருடைய முடி சேர்ந்தால்தான் ஒரு விக். புற்றுநோய் சிகிச்சையில் முடியை இழந்த என் அம்மா, அதை வைத்துக்கொண்ட அன்றுதான் மறுபடியும் கண்ணாடி முன் நின்றார்.

ஆனால் எப்படிப் பத்திரமாக அணிவது என்று சொல்லும் ஒரு துண்டுச் சீட்டுகூட அந்த விக்கோடு வரவில்லை. அதற்கு முன் நாங்கள் கடையில் வாங்கிய செயற்கை இழை விக்கோடும் வரவில்லை. பட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

கீமோ தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் முடி கொட்டத் தொடங்கியது. தலையணை பட்டாலே எரிகிறது என்பார் அம்மா. முடி போனதும் தலையின் சுற்றளவு குறைந்து, முன்பே அளவெடுத்து வாங்கிய விக் நழுவியது. கடைக்காரர் இருபுறமும் ஒட்டும் டேப் ஒன்றைக் கொடுத்தார். மாலையில் அதை உரித்தபோது நெற்றியோரத்தில் தோலும் கூடவே வந்துவிட்டது. பெரும்பாலும் மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள்தான் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நாட்கள் அவை. அந்தச் சிறு காயத்தைப் பார்த்துப் பார்த்து நான் தூங்காமல் கிடந்தேன்.

அடுத்தது அடுப்படி. இட்லிப் பானையின் மூடியைத் திறந்த ஒரே ஆவியில் செயற்கை இழையின் முன்பக்கம் சுருண்டு பொரிந்துபோனது. அது ஆவி, நெருப்பாக இருந்திருந்தால்? செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் தரும் மனித முடியும் தீப்பிடிக்கும். எரிவாயு அடுப்பின் முன் குனியும்போது விக்கைக் கழற்றிவிட்டுத் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். ஒருவரும் சொல்லவில்லை.

மதுரைச் சித்திரை வெயிலில் விக்குக்குள் வியர்வை தேங்கி வேர்க்குரு வந்தது. பழைய பருத்திச் சேலையைக் கிழித்து உள்குல்லா தைத்த பிறகே அடங்கியது. தினம் ஒன்றாகத் துவைத்து மாற்றினோம், வீட்டில் இருக்கும்போதும் தூங்கும்போதும் வெறுந்தலையோடு விட்டோம்.

உங்களிடம் கேட்பது இதுதான். நீங்கள் முடியை ஒப்படைக்கும் அமைப்பிடம் பேசுங்கள். முடி கொட்டிய பிறகு தலையை அளந்து கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு விக்கோடும் தமிழில் ஒரு பக்கக் குறிப்பும் இரண்டு பருத்திக் குல்லாக்களும் இருக்கட்டும். தலையில் கதிர்வீச்சு பெறுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அணியக் கூடாது என்பதையும், எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகக் கிளிப் வைத்த விக்கோடு போகக் கூடாது என்பதையும் அந்தக் குறிப்பில் மறக்காமல் சேருங்கள்.

குறிப்பை எழுத நான் வருகிறேன். குல்லா தைக்க அம்மா வருவதாகச் சொல்கிறார். அவருக்கு இப்போது தோள்வரை முடி வளர்ந்திருக்கிறது.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு மகள்