ஆயா (தாயின் தாய்) வீட்டிலிருந்து அழைத்துச் செல்லும்போது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெற்றோர் வெளியூரில் வேலை பார்க்க, பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்வதால் அவர்களுடைய மனம் வாடிவிடுகிறது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையில் படித்தேன். இதில் எனக்கு உடன்பாடில்லை. கவலைப்பட வேண்டிய இடம் வேறு என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

செட்டிநாட்டில் பிள்ளைகள் ஒருவர் கையில் மட்டும் வளர்ந்ததில்லை. கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, பர்மாவுக்கோ மலேயாவுக்கோ போன அப்பச்சி (தந்தை) மூன்றாண்டுக் கணக்கை முடித்த பிறகே ஊர் திரும்புவார். மணமான மகன்களைத் தனிக்குடித்தனமாக வேறு வைத்து, ஒரே வீட்டில் அடுப்புகள் தனித்தனியாக எரிந்தாலும், பிள்ளை எந்த அடுப்பங்கரையிலும் உண்டு, அப்பத்தாவின் மடியில் உறங்கிவிடும். கிளாஸ்கோ நகரத்தின் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உளவியல் ஆய்வாளர்கள் ருடால்ப் ஷாஃபரும் பெக்கி எமர்சனும் 1964இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு முரண்படவில்லை. ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் பற்றுக் கொண்டிருந்தன. அதிக நேரம் உடனிருந்தவர் என்பதைவிட, அழுகைக்கும் சிரிப்புக்கும் உடனுக்குடன் முகம் கொடுத்தவர் யார் என்பதே அந்தப் பற்றைத் தீர்மானித்தது.

அவ்வாறு ஒட்டிக்கொண்ட பிள்ளையை ஒரே நாளில் பிடுங்கி எடுப்பதுதான் பிழை. அந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் மூத்த மகளின் பிள்ளை எட்டு மாதம் முதல் மூன்று வயது வரை என்னிடம் வளர்ந்தான். அழைத்துச் செல்ல வந்தபோது, விழித்திருந்தால் அழுவானே என்று, உறங்கிக்கொண்டிருந்தவனைத் தூக்கிக் காரில் கிடத்தி அனுப்பினோம். திருச்சி விமான நிலையத்தில் கண் விழித்திருக்கிறான். நான்கு நாள் ஓயாமல் அழுது, பிறகு அடங்கிவிட்டான். "பழகிவிட்டான், ஆயா நினைப்பே இல்லை" என்று மகள் தொலைபேசியில் சொல்ல, நானும் நிம்மதி அடைந்தேன். எங்கள் பக்கத்துப் பிள்ளையார் நோன்புச் சடங்கான இழை எடுப்பதற்கு வந்தபோது முகப்பிலேயே நின்று என்னை அயலாளைப் போலப் பார்த்தான். ஆனால் தாய் குளிக்கப் போனால்கூடக் கதவருகில் நின்று கதறினான்.

அந்த அமைதியின் பொருளை நான் அறிந்தது பின்னர்தான். தாய்-சேய்ப் பற்றை ஆராய்ந்த மனநல மருத்துவர் ஜான் போல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் இருந்த சிறு பிள்ளைகளிடம் மூன்று நிலைகளைக் கண்டார்: முதலில் அழுது எதிர்ப்பது, அடுத்து நம்பிக்கை இழந்து ஒடுங்குவது, கடைசியில் யாரோடும் ஒட்டாமல் விலகிக்கொள்வது. ஒடுங்கிய பிள்ளையைத்தான் தாதியர் "சமர்த்து" என்று மெச்சினார்கள். நாமும் அதையே செய்கிறோம். இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மருத்துவமனை நாட்களை ராபர்ட்சன் 1952இல் படமாக்கிக் காட்டியதும், பெற்றோர் எந்நேரமும் பிள்ளையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று 1959இல் பிரிட்டிஷ் குழுவொன்று பரிந்துரைத்ததும் இந்த அறிதலின் தொடர்ச்சியே.

ஒரு பிரிவினால் பிள்ளையின் வாழ்வே கெட்டுவிடும் என்று யாரையும் அச்சுறுத்த நான் விரும்பவில்லை. என் பேரன் தேறிவிட்டான். அவன் இரவில் எழுந்து அழைத்தபோதெல்லாம் சலிக்காமல் எழுந்து வந்த தாயும், நான் கொடுத்தனுப்பிய பழைய கண்டாங்கிச் சேலைத் துண்டும் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். எனினும், பிள்ளை பாராத நேரம் பார்த்து நழுவும் நம் வழக்கம் எனக்கு இப்போது கசக்கிறது. சொல்லிவிட்டுப் போனால் பிள்ளை அழும், உண்மை. சொல்லாமல் போனாலோ, அடுத்து யார் எப்போது மறைவார்களோ என்று அது சதா காவல் இருக்க நேர்கிறது.

இளைய மகளின் பெண் குழந்தை இப்போது என்னிடம் இருக்கிறாள். வரும் சித்திரையில் அவளை அழைத்துச் செல்ல வருகிறவர்கள் இரண்டு நாளில் கிளம்பக்கூடாது, மூன்று வாரமாவது இங்கே தங்கி, குளிப்பாட்டுவதையும் ஊட்டுவதையும் உறங்க வைப்பதையும் ஒவ்வொன்றாக என் கையிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மருமகன் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவகோட்டை.